சுவரைப் பார்த்த நாற்காலி

எனக்கு எழுபத்துநாலு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. ஐந்தில் ஒன்றைக்கூட ஊரில் யாரும் குறை சொன்னதில்லை. பெயர் ஞானம்மாள். பள்ளிவாசல் என்கிற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்து ரிட்டையர் ஆனவள். கையெழுத்துப் போடுவேன், மருந்துப் பாட்டிலில் நம்பர் பார்ப்பேன், பைபிளில் பழகின வசனத்தை விரல் வைத்துப் படிப்பேன். எழுத்து அவ்வளவுதான். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் பேத்தி. நான் பேசுகிற மாதிரியே எழுதடி என்றால், படித்த பிள்ளை, கொஞ்சம் திருத்தித்தான் எழுதுகிறாள். அவள் பெயரை இதில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

இப்போது என் வேலையில் இருக்கிற செல்வி போன மாதம் வீட்டுக்கு வந்தாள். "ஞானம்மா அத்தே, மனசு டாக்டர் இனிமே ஜீப்புல வரமாட்டாகளாம். அந்த ரூம்ல ஒரு டிவியை வச்சிட்டாக. அவுக கீழ இருந்து பேசுவாகளாம், இவுக இங்கிருந்து பேசணுமாம். வர்ற சனம் என்கிட்டதான் கேக்குது, உள்ள என்னத்தக் கேப்பாக, எப்படி நம்புறதுன்னு. நான் என்னத்தச் சொல்ல?" என்றாள்.

"நம்பாதேன்னு சொல்லு" என்றேன். சிரித்தாள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்த டாக்டரையே நான் சீக்கிரம் நம்பினவள் இல்லை. கண்ணாடிக்குள்ளே இருந்து பேசுகிற முகத்தை எப்படி நம்புவது? அந்த முகத்துக்குப் பின்னால் யார் நிற்கிறான், எதைப் பதிந்து வைக்கிறான், யாருக்குத் தெரியும்? ஆனால் செல்வி கேட்டுவிட்டாள். அரைகுறையாகச் சொன்னால் எனக்குத்தான் கேவலம். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

வேலை பழகின காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. துடைத்தேன், கழுவினேன், கட்டுப் போட்டேன், பெரிய நர்ஸிடம் திட்டு வாங்கினேன். மாதத்துக்கு ஒரு தடவை கீழே ஜில்லாவிலிருந்து மனசு டாக்டர்கள் ஜீப்பில் வர ஆரம்பித்த பிறகுதான் என் வேலை வேலையாயிற்று. அந்த நாளை யாரும் பைத்தியக்கார நாள் என்று சொல்லிவிடக் கூடாது என்று நாங்களே ஜீப் நாள் என்று பெயர் வைத்தோம்.

ஜீப்பில் லீலா மேடம் வருவார்கள். டாக்டர் இல்லை. மாத்திரை எழுத மாட்டார்கள். பேச வைக்கிறது, டெஸ்ட் வைக்கிறது, அதுதான் அவர்கள் வேலை. மலையாளத்து அம்மா, தொடுபுழா பக்கம். தமிழ் பேசினால் பாதி புரியும், மீதியை நாம் போட்டுக்கொள்ள வேண்டும். வந்த முதல் நாளே பெஞ்சை மாற்றச் சொன்னார்கள். இருமல்காரர்களும் மனசுக்காரர்களும் ஒரே பெஞ்சில், ஒரே மாதிரி டோக்கனோடு உட்கார வேண்டும். யார் எதற்கு வந்தார் என்று பெஞ்சைப் பார்த்தால் தெரியக் கூடாது. "சேச்சி, இது நிங்கள் நோக்கணும்" என்றார்கள். பார்த்துக்கொள்ளணும் என்று அர்த்தம். நோக்கினேன். எஸ்டேட் லயத்தில் எல்லாம் ஒட்டின வரிசை வீடுகள், ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் மருந்து சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இதை நோக்குவது சின்ன வேலை இல்லை.

டெஸ்ட் என்றால் என்ன என்று செல்விக்குத் தெரியாது, பலருக்கும் தெரியாது. ஊசி இல்லை, ரத்தம் இல்லை. மரக்கட்டையைக் கொடுத்துப் படத்தில் இருக்கிற மாதிரி அடுக்கச் சொல்வார்கள். நம்பர் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். மை கொட்டின மாதிரி ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பார்கள். வௌவால் என்றாலும் சரி, மாதா என்றாலும் சரி, மேடம் முகம் மாறாது. ஒரே முகம்தான். எனக்கு அந்த முகத்தைப் பார்த்தால் ஆரம்பத்தில் பயமாக இருக்கும்.

ஆனால் டெஸ்டுக்கு முன்னால் மேடம் கேட்கிற கேள்விகள் வேறு. சாப்பிட்டாயா? ராத்திரி தூங்கினாயா? மாத்திரை ஏதாவது போட்டாயா? கண்ணாடி போடுகிற ஆள் என்றால் கண்ணாடி எங்கே? இதில் ஒன்று சரியில்லை என்றாலும் டெஸ்ட் கிடையாது. "பசிச்ச ஆளுக்கு டெஸ்ட் வச்சா, நான் பசியைத்தான் அளக்கும், ஆளை அளக்கில்லா" என்பார்கள். எத்தனையோ பேரை நான் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் பன்னும் டீயும் கொடுத்துத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறேன்.

இப்போது தங்கராசு கதைக்கு வருகிறேன். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான், பெயரும் அதுவல்ல, நான் வைத்தது.

தங்கராசு ஃபேக்டரியில் இலை உருட்டுகிற ரோலர் பக்கம் நிற்கிறவன். நல்ல வேலைக்காரன். திடீரென்று ஓடுகிற மிஷினுக்குள் கையைக் கொண்டுபோக ஆரம்பித்தான். முதல் தடவை பக்கத்தில் நின்றவன் இழுத்தான். அடுத்த தடவை இழுத்தது என் வீட்டுக்காரர் அந்தோணி. டீமேக்கர், அதாவது ஃபேக்டரிக்குப் பெரியவர், இவன் மூளை கெட்டவன், டெஸ்ட் பண்ணிப் பேப்பர் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். மூளை கெட்டவன் என்று பேப்பரில் வந்தால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடு போகும். பெண்டாட்டி, மூன்று பெண் பிள்ளைகள், எல்லோரும் ரோட்டில்.

ஜீப் நாளில் அவனை நான்தான் உள்ளே கூட்டிப்போனேன். மேடம் பார்த்தார்கள். "ராத்திரி ஷிஃப்டோ?" ஆமாம், நேரே ஃபேக்டரியிலிருந்து வருகிறான். "ஞான் இன்னு டெஸ்ட் செய்யில்லா. உறங்கிட்டு அடுத்த தடவை வரட்டே."

டீமேக்கர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கத்தினார். ஒரு மாதம் இவனை வைத்து நான் என்ன செய்ய, சும்மா நாலு கட்டையை அடுக்கச் சொல்வதற்குத் தூக்கம் எதற்கு? மேடம் பதிலுக்குக் கத்தவில்லை. பைக்குள் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். பெரியது கீழே, சின்னது மேலே. வைத்து முடித்ததும், "அது வரைக்கும் மெஷீன் பக்கம் விடண்டா" என்றார்கள். அவ்வளவுதான்.

அடுத்த ஜீப் நாளில் தூங்கி, குளித்து, சட்டை மாற்றி வந்தான். அவனுக்கு மலையாளம் தகராறு, மேடத்துக்குத் தமிழ் தகராறு. நடுவில் நான். மேடம் எனக்கு ஒரு சட்டம் சொல்லியிருந்தார்கள். அவன் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, அழகாக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த பிள்ளை, எதிர் லயத்துக்காரன். கட்டையை அவன் தப்பாக வைக்கப் போகும்போது என் தொண்டை தானாகக் கனைத்தது. அவன் கை நின்றது. கட்டையை மாற்றி வைத்தான். மேடம் என்னைப் பார்த்தார்கள். அதே முகம்.

"ஞானம்மா சேச்சி, கசேர திரிச்சு இடு. சுவரு நோக்கி இரி."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷ சர்வீஸில் என்னை ஒருவர் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னதில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். சுவரில் சுண்ணாம்பு உரிந்து ஒரு ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னதை இங்கே, இவர்கள் கேட்டதை அங்கே என்று சொன்னேன். ஒன்று புரிந்தது. என் முகம் தெரியாததால் அவன் பேச ஆரம்பித்தான். முன்னால் சொல்லாததை எல்லாம் சொன்னான். அன்றைக்குப் பிறகு மேடம் சொல்லாமலே என் நாற்காலி சுவரைத்தான் பார்க்கும்.

வெளியே வந்தால் டீமேக்கர். "ஞானம்மா, பாஸா ஃபெயிலா?"

"எனக்குத் தெரியாது சார்."

"உள்ள உக்காந்து மொழி சொன்னது நீதானே?"

"சொன்னேன் சார். சொன்னதும் மறந்துபோகும் எனக்கு."

அவரைச் சமாளித்துவிடலாம். வீட்டில்தான் கஷ்டம். அந்தோணி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "அவன் பக்கத்துல நிக்கிறவன் நான். என் கையும் சேந்து போனா? உன் புருசன்கிட்ட சொன்னா உன் மேடம் தூக்கிலயா போடுவா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். நான் சொல்லவில்லை. மேடம் வாயிலிருந்துதான் வரணும், என் வாயிலிருந்து வராது என்றேன். மனுஷன் பல நாள் தன் சோற்றைத் தானே போட்டுக்கொண்டார்.

மேடம் முதலில் தங்கராசுவைத் தனியாக உட்கார வைத்து, என்ன தெரிந்தது, என்ன செய்யலாம், ஆபீசுக்கு எதை எழுதலாம், எதை எழுத வேண்டாம் என்று அவனிடமே கேட்டார்கள். நான் சுவரைப் பார்த்தபடி மொழி சொன்னேன். ஆபீசுக்குப் போன பேப்பரில் இருந்தது ஒரே விஷயம்: கொஞ்ச காலம் மிஷின் வேண்டாம், சலிக்கிற பக்கம் போடுங்கள். காரணம் இல்லை. டீமேக்கர் எகிறினார், காரணம் கேட்டு ஆள் விட்டார். காரணம் வரவில்லை. தங்கராசு தூளைச் சலித்தே ரிட்டையர் ஆனான். வீடு போகவில்லை. பிள்ளைகள் கல்யாணம் அந்த லயத்திலிருந்துதான் நடந்தது. அவனுக்கு என்ன இருந்தது என்று அந்தோணி சாகிற வரைக்கும் கேட்டார். அவருக்கும் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

இப்போது பேத்தி விஷயம்.

என் மகன் எஸ்டேட்டில் டிரைவர், மருமகள் கொழுந்து எடுக்கிறாள். அவர்களோடு லயத்தில்தான் இருக்கிறேன். அவர்கள் மகள்தான் இந்தப் பேத்தி, என்னைச் சின்னதிலிருந்தே அம்மாச்சி என்றுதான் கூப்பிடுவாள். பாலக்காட்டுப் பக்கம் நர்சிங் படிக்கப் போனவள், வருஷ நடுவில் பெட்டியோடு வந்துவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். யாரோ சிநேகிதி சொன்னாள் என்று ஃபோனில், லீலா மேடம் மாதிரி பேச வைக்கிற ஒரு அம்மாவோடு பேச ஆரம்பித்தாள். வாரம் ஒரு தடவை, மத்தியானத்தில்.

முதல் நாள் அந்த அம்மா கேட்டதை என் காதாலேயே கேட்டேன், ஒட்டுக் கேட்கவில்லை, எங்கள் வீடு அந்த அளவுதான். "இப்ப எங்க உக்காந்திருக்கீங்க? ரூம்ல வேற யாராச்சும் இருக்காங்களா? ஏதாச்சும் அவசரம்னா கூப்பிட ஒருத்தர் நம்பர் குடுங்க."

திருடன் கேட்கிற கேள்வி இல்லையா இது? வீட்டில் யார் இருக்கிறார், நீ எங்கே இருக்கிறாய், நம்பர் கொடு. அதிலும் வார்த்தைக்கு வார்த்தை ங்க போட்டு, அதே பாலக்காட்டு நல்லேப்பிள்ளிப் பக்கத்துப் பேச்சு. அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர்களை நான் லேசில் நம்ப மாட்டேன்.

"அது யாருட்டி? எங்க படிச்சா? அவளைப் பார்த்த ஆளு யாராவது உண்டா?"

"படிச்சவங்க அம்மாச்சி. சர்ட்டிஃபிகேட் நம்பரெல்லாம் குடுத்தாங்க. நான் பாத்துட்டேன்."

"நம்பர் எல்லாரும்தான் குடுப்பா."

ஒரு நாள் அழுதுகொண்டே ஃபோனைக் கொண்டுவந்து காட்டினாள். அந்த அம்மா கேள்வித்தாள் ஏதும் அனுப்புவதற்கு முன்னால் இவளாகவே ஃபோனில் எங்கேயோ தேடி ஒரு டெஸ்ட் எடுத்திருக்கிறாள். கட்டத்தைத் தொடுவது, தூக்கம் இல்லையா, சில நாளா, தினமுமா என்று. முடிந்ததும் மார்க் வருகிறது. சிவப்புக் கலரில்.

"ரொம்ப மோசம்னு வந்திருக்கு அம்மாச்சி."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"அப்ப அது டெஸ்ட் இல்ல. வா, கஞ்சி குடி."

அடுத்த வாரம் அந்த அம்மாவும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னாளாம். அது எங்கிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம் என்று பார்க்கிற கேள்வித்தாள், அதை வைத்து யாரும் உனக்கு இன்ன வியாதி என்று பெயர் வைக்க முடியாது. பெரிய டெஸ்ட் தேவைப்பட்டால் நேரில்தான், ஃபோனில் நான் வைக்க மாட்டேன் என்றாளாம். அதைக் கேட்டபோது எனக்குப் பயம் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான்.

பக்கத்து வீட்டு ரோசம்மாவுக்கு இந்த மத்தியானப் பேச்சு வாசனை அடித்துவிட்டது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். அதனால் பேத்தி தண்ணித் தொட்டி மேட்டுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தாள். அங்கேதான் ஃபோன் ரேஞ்சும் நன்றாகக் கிடைக்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடைப் பள்ளம், ஆழம். எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னால் கேட்கிற வயசா?

அப்படி ஒரு நாள், மூடுபனி இறங்கி மழையும் பிடித்துக்கொண்டது. கரண்ட் காலையிலேயே போய்விட்டது. அவள் மேட்டில். நான் அடுப்படியில். என் கழுத்தில் தொங்குகிற சின்ன ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஞானம்மாங்களா?"

குரல் தெரிந்துவிட்டது, பேத்தியோடு பேசுகிற அந்த அம்மா. "ஆமா. நீங்க யாரு?"

"நான் கவிதாங்க. உங்க பேத்தி இப்ப உங்க பக்கத்துல இருக்காங்களா?"

"எந்தப் பேத்தி?"

"அம்மா, அவங்க வீட்டுல இருக்காங்களா, வெளிய இருக்காங்களா, அது மட்டும் சொல்லுங்க."

"எங்க வீட்டுல யாரு இருக்கா, யாரு இல்லன்னு நான் ஃபோன்ல சொல்றதில்ல."

வைத்துவிட்டேன். என்னைக் கேட்டால் சரியாகத்தான் செய்தேன். கதவுக்கு உள்ளே யார் இருக்கிறார் என்று வெளியே கேட்கிறவனுக்குச் சொல்லாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கினவள் நான். டீமேக்கருக்குச் சொல்லாதவள் இவளுக்கா சொல்வேன்?

மறுபடியும் அடித்தது. எடுத்தேன், நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான்.

"அம்மா, வச்சிராதீங்க. அவங்களை இப்பவே உங்க கண்ணால பாக்க முடியுங்களா?"

"எதுக்கு?"

"அது அவங்க சொல்லாம நான் சொல்ல முடியாதுங்க."

"என்ன பேசுனா உங்ககிட்ட?"

"அதுவும் சொல்ல முடியாதுங்கம்மா. நீங்க போயி அவங்க பக்கத்துல நில்லுங்க. அது போதும். நான் லைன்லயே இருக்கேன்."

குரலில் அவசரம் தெரிந்தது, ஆனால் காரணத்தைச் சொல்லவில்லை. ஏமாற்றுகிறவள் என்றால் இந்நேரம் ஒரு கதை சொல்லியிருப்பாள். உங்கள் பேத்திக்கு இப்படி, அப்படி என்று பயம் காட்டி, நம்ப வைத்திருப்பாள். இவள் நான் நம்பாமல் போனாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு லீலா மேடம் கட்டைகளைப் பைக்குள் அடுக்கியது கண் முன்னால் வந்தது.

அடுப்பை அணைத்தேனா என்று கூட நினைவில்லை. குடையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். முட்டி வலிக்கிறது என்று ஒரு வருஷமாக நான் ஏறாத மேடு. பனியில் தொட்டியே தெரியவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பள்ளத்துப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, முதலில் தொட்டியைச் சுற்றினேன்.

தொட்டிச் சுவரில் சாய்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு, நனைந்து உட்கார்ந்திருந்தாள். ஃபோன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. பேச்சு நடுவில், ஏதோ ஒரு வார்த்தை சொன்னதும் அறுந்திருக்கிறது. அந்த வார்த்தை என்ன என்று நான் இன்று வரை கேட்கவில்லை.

ஃபோனில் சொன்னேன்: "பிள்ள இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. அவ்வளவுதான். ஃபோனை அவள் கையில் கொடுத்தேன்.

"அம்மாச்சி, நீ கேக்காத."

"நான் எங்கட்டி கேக்கப் போறேன்."

குடையை அவளிடம் விட்டுவிட்டு, பள்ளத்துக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த பெரிய குழாயில் போய் உட்கார்ந்தேன். முதுகை அவள் பக்கம் திருப்பிக்கொண்டேன். முன்னால் சுவர் இல்லை, பனிதான். சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். மழைச் சத்தத்தில் கேட்க நினைத்தாலும் கேட்டிருக்காது. அவள் பேசி முடிக்கிற வரைக்கும் அசையவில்லை. இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்காகவா அவளுக்காகவா தெரியாது.

பிறகு ஒரு நாள் கேட்டேன். "அம்மா நம்பர் இருக்கு, அப்பன் நம்பர் இருக்கு. அந்த அவசர நம்பருக்கு என் நம்பரை ஏன் குடுத்த?"

"நீதான் யாருட்டயும் சொல்ல மாட்ட" என்றாள்.

முதல் நாளே அந்த அம்மா சொல்லியிருக்கிறாள், நீ சொல்வது எதுவும் வெளியே போகாது, உன் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் மட்டும் ஒரே ஒரு ஆளைக் கூப்பிடுவேன் என்று. நான் திருட்டுக் கேள்வி என்று நினைத்தது அதுதான்.

அதற்காக நான் நம்பிவிட்டேன் என்று நினைக்காதே செல்வி. ஃபோனை நம்பவில்லை. ரேஞ்சை நம்பவில்லை. மார்க் போட்டுச் சிவப்புக் காட்டுகிறதை நம்பவே மாட்டேன். அந்த டிவி ரூமுக்கு வருகிற சனத்திடம் சொல்லு: முதலில் அவர்கள் உன்னைக் கேட்பதற்கு முன்னால் நீ அவர்களைக் கேள். யார், எங்கே படித்தாய், நான் சொல்வதை எங்கே வைப்பாய், எப்போது வெளியே சொல்வாய்? முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடு. நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் பயப்படாதே, அது கேட்காதவளுக்குத்தான் பயப்படணும். லைன் அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்று முதலிலேயே பேசி வை. சார்ஜ் போட்டு வை. சாப்பிட்டுவிட்டுப் போ. முதல் நாளே மனசு லேசாகும் என்று எதிர்பார்க்காதே, முதல் நாள் முழுக்கக் கேள்விதான். உனக்கும் ஒரு வேலை இருக்கிறது செல்வி. கண்ணாடிக்குள்ளே இருக்கிறவர்களால் நம் வாசலைப் பார்த்துக்கொள்ள முடியாது. கதவைச் சாத்து, வெளியே உட்கார், நாற்காலியைத் திருப்பிப் போடு.

பேத்திக்கு இப்போது எப்படி என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். அதை அவளிடம் கேளுங்கள்.

எழுதிட்டியாட்டி? அப்படின்னா முதல்ல இருந்து வாசி. இது உன் விஷயம், எந்த இடம் வேண்டாம்னு தோணுதோ அந்த இடத்தை அடிச்சிரு, என்னைக் கேக்க வேண்டாம், நான் சுவரைப் பாத்து உக்காந்துக்கிறேன். சத்தமா வாசிக்காத. ரோசம்மா வீட்டுல பாத்திரச் சத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சு.